பல வருட டெவலப்பர் கிளம்பும்போது ஒப்படைப்பில் எது விட்டுப்போகும்?

நண்பர்களே, ஒரே சிஸ்டத்தில் 10 வருடத்துக்கு மேல் இருந்த டெவலப்பர் வேலையை விடும்போது தேவைப்படும் ஒப்படைப்புப் பட்டியல் இது. விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

புரோகிராம் கோடு பிரச்சினையே இல்லை, அது கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) இருக்கிறது. அடி விழுவது தனி ஆளின் கணக்கில் தொங்கும் விஷயங்களில்தான். அவர் பெயரில் எடுத்த ஆக்சஸ் டோக்கனில் (பாஸ்வேர்டுக்குப் பதிலான அனுமதிச் சாவி) டெப்ளாய், அதாவது புதுக் கோடை சர்வரில் ஏற்றும் வேலை, ஓடிக்கொண்டிருக்கும். கணக்கை முடக்கியதும் 401 (அனுமதி இல்லை என்ற பிழை) என்று நிற்கும். அதாவது கண்ணில் படும். ஆனால் கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் சர்வரில் தானாக ஓடுபவை) சத்தமே இல்லாமல் நின்றுவிடும். மாதக் கடைசி ரிப்போர்ட் வரவில்லை என்று தெரியும்போது ஆள் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். அதனால் ஒவ்வொரு சர்வரிலும் எல்லா யூசரின் கிரான்டேப்பையும் (அந்த வேலைகளின் பட்டியல்) பார்த்து, தனி ஆள் பெயரில் இல்லாத சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு மாற்றுவது முதல் வேலை. டொமைன், எஸ்எஸ்எல் சான்றிதழ் நினைவூட்டல் மெயில் யாருக்குப் போகிறது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு யார் போனில் இருக்கிறது என்பதும் உண்டு.

கடைசி நாளுக்கு 2 வாரம் முன்பே அந்தக் கணக்கை ஒரு நாள் முடக்கிப் பார்க்கலாம். உடைவதைச் சரிசெய்ய ஆள் பக்கத்திலேயே இருப்பார். வாரம் அல்லது மாதம் ஒருமுறை ஓடுவது இதில் மாட்டாமல் போகலாம், அதைக் கையால்தான் தேடணும். (நீளமான டாக்குமென்ட்டை யாரும் படிப்பதில்லை, புதியவர் கையாலேயே ஒரு ரிலீஸ் செய்ய வைப்பது மேல்.)

எனக்குத் தெரிய வேண்டியது: 'கோடில் இந்த இஃப் (நிபந்தனை வரி) ஏன் இங்கே இருக்கிறது' என்ற காரணங்களை எங்கே எழுதி வைக்கிறீர்கள்? கமிட் மெசேஜில் (கிட்டில் மாற்றத்தோடு எழுதும் குறிப்பு) 'ஃபிக்ஸ்' என்று மட்டும் இருக்கும் பழைய மாற்றங்களுக்கு என்ன வழி? கிளம்பிய பிறகு வரும் போன்களுக்கு எத்தனை வாரம் எல்லை வைக்கலாம்?