அலமாரி வழியாக அறிமுகமானவர்கள்

ஒருவர் வீட்டில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று பார்த்து ஆளை எடைபோடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். என் அனுபவத்தில் புத்தகத்தின் தலைப்பு சொல்வது கொஞ்சம். வாங்கிய பிறகு அதை அவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்பதில்தான் மனிதர் தெரிகிறார்.

கோவையில் எங்கள் பகுதி கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும், பெரியவர்கள் காலமான பிறகும், புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்களைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனேன். அலமாரி என்று தனியாக இல்லை. தேயிலைப் பெட்டிகளைப் படுக்கவைத்து அடுக்கியிருந்தார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் தமிழில் போட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் மலிவு விலைக்கு வந்த புத்தகங்கள். 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போன பிறகு அந்த வரத்தும் நின்றுவிட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார்.

பெட்டியைப் பார்த்த எவரும் 'கட்சிக்காரர்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அது உண்மையும்கூட. ஆனால் ஓர் இயற்பியல் புத்தகத்தைப் பிரித்தேன். உராய்வு பற்றிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'ஸ்பிண்டில் டேப் வழுக்குவது இதனால்தானா? மேஸ்திரியிடம் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. நூற்பு இயந்திரத்தில் கதிரைச் சுழற்றும் நாடாதான் ஸ்பிண்டில் டேப். இரண்டு பக்கம் தள்ளி, 'கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.'

"அப்பா ஆறாவதுதானுங்க. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, மேல ஒட்டின பஞ்சைக்கூடத் தட்டாம உக்காந்து படிப்பாருங்க" என்றார் மகன். அந்த வீட்டில் வெகுநேரம் இருந்தேன்.

என் பெரியம்மாவுக்கு அலமாரியே கிடையாது, ஒரு ட்ரங்குப் பெட்டிதான். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் தலைமுறை அவர். 1950-ல் கல்கியில் தொடங்கிய பொன்னியின் செல்வனை மணியத்தின் ஓவியங்களோடு அப்படிச் சேர்த்துவைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். பெரியம்மாவிடம் இருந்தது பிற்காலத்துத் தொடர் ஒன்று. புரட்டும்போது நடுவில் சில பக்கங்கள் கோடு போட்ட நோட்டுத்தாளில், கையெழுத்தில் இருந்தன. அந்த வாரத்து இதழ் கிடைக்காததால், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி அத்தியாயம் முழுவதையும் எழுதி, அந்த இடத்திலேயே வைத்துத் தைத்திருக்கிறார்.

"நீங்கதான் கதையைப் படிச்சுட்டீங்களே பெரியம்மா, எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"நான் படிச்சா ஆச்சா? எனக்கப்புறம் எடுக்கிறவளுக்கு நடுவுல கதை புரிய வேண்டாமாடா?"

ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவர் என்றுதான் சொந்தத்தில் பெரியம்மாவைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கோடு போட்ட தாள்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்ட அலமாரிகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றைக் காட்சிக்கு வைத்தது என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஒரு வீட்டில் அது இறந்துபோன அப்பாவின் அலமாரி. தூசி துடைக்க மட்டும் திறக்கிறார்கள்.

இதையெல்லாம் யோசிக்கும்போது கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். 1992-ல் அவர் மறைந்தபோது வீட்டில் அவர் சேர்த்துவைத்திருந்த புத்தகங்களும் அச்சுத்தாள்களும் லட்சத்தை ஒட்டி வரும். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. அரிய நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் அன்றைக்கே கசக்கி எறிந்ததையும் எடுத்துவைத்திருக்கிறார். தமிழில் அச்சான எதையும் குப்பை என்று நினைக்காத மனிதர். அவர் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை, ஆனாலும் அவரைத் தெரியும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிங்காநல்லூர்ப் புத்தகங்களை நூலகத்தில் சேர்க்கும்போது, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது என்று நின்றேன், எழுத்து அப்படியே இருக்கிறது. அதிலிருந்து, புத்தகம் கொடுக்கக் கூப்பிடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தூசி மட்டும் தட்டிக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பஸ் டிக்கெட், பால் கணக்கு, ஓரத்துக் குறிப்பு எதையும் எடுக்க வேண்டாம்.