ஐஆர்35-க்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள், எப்படி மறுப்பது?

வணக்கம். பிரிட்டனில் சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனி வைத்து மென்பொருள் ஒப்பந்த வேலை செய்கிறேன். எட்டு மாதமாக ஒரே வாடிக்கையாளர்தான். போன வாரம் அவர்கள் அனுப்பிய நிலை நிர்ணய அறிக்கையில் நான் ஐஆர்35-க்குள் (சொந்தக் கம்பெனி வழியாக ஊழியர் போலவே வேலை செய்பவர்களுக்கான பிரிட்டன் வரி விதி) வருகிறேன் என்று இருக்கிறது. அதாவது வரிக்கு மட்டும் நான் ஊழியர். விடுப்புச் சம்பளம், நோய்க்கால ஊதியம் எதையும் அவர்கள் தரப்போவதில்லை. இதுதான் ரொம்ப உறுத்துகிறது.

2021 ஏப்ரலிலிருந்து தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய நிறுவனங்களே இதை முடிவு செய்ய வேண்டும் என்பது தெரியும். நான் ஆட்சேபித்தால் 45 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதும் தெரியும். சிக்கல், நான் ஊழியர் மாதிரி இல்லை என்று காட்டும் ஆதாரத்தில். எனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் ஒருமுறைகூட அனுப்பியதில்லை. வேலை நேரம் என் விருப்பம்தான், மடிக்கணினி அவர்களுடையது. ஒரு பெரிய பிழையைக் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தேன், அதற்கு மின்னஞ்சல் இருக்கிறது.

இப்படி மறுத்து முடிவை மாற்ற வைத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பயன்படுத்தாத மாற்றாள் உரிமை எடுபடுமா? ஒருவர் வரிக்கு ஊழியரா இல்லையா என்று பார்க்கும் வரித்துறையின் செஸ்ட் (CEST) இணையக் கருவியில் நானே விவரம் நிரப்பி, அந்த முடிவையும் இணைக்கலாமா? அப்புறம், வக்கீலை இப்போதே பார்ப்பதா, பதில் வந்த பிறகா? திங்கட்கிழமை கடிதம் அனுப்ப நினைக்கிறேன்.