பழத்தில் ‘வரம்பைவிட இரண்டு மடங்கு’ மருந்து என்று ரிப்போர்ட், எவ்வளவு பயப்படணும்?

இரவல்பேனா:
தெரிந்தவர் ஒருவர் ஆய்வகத்தில் இருக்கிறார், அவரை நச்சரித்து நாங்கள் வழக்கமாக வாங்கும் பழத்தைச் சோதித்துப் பார்த்தேன். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், வரம்பு 0.01, பக்கத்தில் சிவப்பில் ‘மீறல்’. வீட்டில் இரண்டு வயதுப் பெண், 12 கிலோ எடை, தினமும் அதைத்தான் தின்கிறாள். ராத்திரி தூக்கமே வரவில்லை. நிறுத்திவிடவா? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

கரிசல்காடு:
விஷத்தில் என்னங்க வரம்பு? நிறுத்துங்க. இயற்கை விவசாயப் பழம் வாங்குங்க, அவ்வளவுதான்.

மூன்றாம்தசமம்:
கரிசல், இயற்கை விவசாயத்திலும் மருந்து உண்டு, தாமிரக் கலவையும் ஸ்பைனோசாட் என்ற பூச்சிமருந்தும் அங்கே அனுமதிக்கப்பட்டவை. பொதுவாகப் பழத்தில் மிஞ்சும் எச்சம் குறைவாக இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

இரவல்பேனா, நான் எச்சப் பரிசோதனையில்தான் இருக்கிறேன். முதலில் ஒன்று: எச்ச வரம்பு என்பது ‘இதற்கு மேல் போனால் விஷம்’ என்று போட்ட கோடு இல்லை. லேபிளில் சொன்னபடி மருந்து அடித்தால் அறுவடையில் அதிகபட்சம் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் பார்த்து, அந்த அளவு உடம்புக்கு ஒத்துவருமா என்று தனியாகச் சரிபார்த்து வைக்கிற எண் அது. ஒரு பயிருக்கென்று தனி வரம்பு வைக்காதபோது ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 0.01 என்று போட்டுவிடுவார்கள், உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அனேகமாக அதுதான்.

உடம்புக்கான கணக்கு வேறு. விலங்குகளில் பாதிப்பே தெரியாத அளவை எடுத்து, வழக்கமாக அதை 100-ஆல் வகுத்து, ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவாக வைக்கிறார்கள். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு இமிடாகுளோபிரிட்டுக்கு வைத்தது உடல் எடையில் கிலோவுக்கு 0.06 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள உங்கள் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 0.72 மில்லிகிராம். அதைத் தொட அவள் அந்தப் பழத்தை தினம் 36 கிலோ தின்ன வேண்டும்.

இன்னொன்று, இந்த வகைச் சோதனையில் முடிவு 50 சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 0.02-இல் பாதியைக் கழித்தால் சரியாக 0.01 வருகிறது. நானாக இருந்தால் ‘மீறல்’ என்று கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

கைத்தெளிப்பான்:
மருந்து அடிக்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எச்சம் ஏறுவதற்குப் பாதிக் காரணம் காத்திருப்பு நாள். லேபிளில் அடித்து 7 நாள் கழித்துப் பறி என்று இருக்கும், ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறிக்கிற பயிரில் ஏழு நாள் எவன் காத்திருப்பான், காய் முற்றிப்போகும். அப்புறம் கடைக்காரர் இரண்டு பெயரில் இரண்டு பாட்டில் தருவார், உள்ளே இருப்பது ஒரே மருந்து, இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடித்தால் அளவு இரட்டிப்பு. இதெல்லாம் சாப்பிடுகிறவருக்கு வருவதற்கு முன்னால் அடிக்கிறவன் மூக்கில்தான் ஏறுகிறது. வெயிலில் கையுறை, முகமூடி போட்டு நிற்க முடியாது, சாயங்காலம் தலைவலி, கண்ணில் தண்ணீர். அதற்கு யாரும் ரிப்போர்ட் எடுத்துத் தருவதில்லை.

மூன்றாம்தசமம்:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு, அந்த மருந்து முடக்குகிற கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை ரத்தத்தில் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது, செய்கிற இடங்கள்தான் குறைவு.

கழுவுவது பற்றி: தோல்மேல் இருப்பது ஓடும் தண்ணீரில் தேய்த்தால் ஓரளவு போகும். 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளைச் சமையல் சோடாக் கரைசலில் 12–15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள், தோல்மேல் போட்டிருந்த இரண்டு மருந்துகளும் போய்விட்டன. ஆனால் அதில் ஒன்றான தயாபெண்டசோல் என்ற பூஞ்சை மருந்து 20 சதவீதம் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது, அது கழுவலுக்கு அசையவில்லை. இமிடாகுளோபிரிட்டும் ஊடுருவிப் பாயும் ரகம்தான், அதனால் உள்ளே போனது கழுவினால் போகாது. 1985-இல் கலிபோர்னியாவில் தர்பூசணி தின்று நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்தார்களே, அதற்குக் காரணமான ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்தும் அப்படித்தான் வேர் வழியாகப் பழத்துக்குள் போனது. அந்தப் பயிருக்கு அனுமதியே இல்லாத மருந்து அது.

இரவல்பேனா:
36 கிலோ என்று படித்ததும்தான் மூச்சு வந்தது, ரொம்ப நன்றி. ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருக்கிறது, பச்சையில் இருந்ததால் எழுதவில்லை. குளோர்பைரிபாஸ் என்று இன்னொரு பூச்சிமருந்து 0.01, வரம்புக்குள்.

மூன்றாம்தசமம்:
அதைத்தாங்க முதலில் எழுதியிருக்கணும். குளோர்பைரிபாஸுக்கு அந்த 36 கிலோக் கணக்கைப் போட முடியாது. 2019-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்றது, வளரும் மூளை பற்றிய சந்தேகம் முக்கியக் காரணங்களில் ஒன்று, 2020-இல் அங்கே தடையும் வந்தது. இதனால் ஒரு பழம் தின்று ஏதாவது ஆகிவிடும் என்று சொல்லவில்லை. ஒரே இடத்துப் பழத்தைத் தினமும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள், இரண்டு வாரம் கழித்து வந்த வேறு சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். திரும்பவும் அதே வரி வந்தால் விற்றவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

கைத்தெளிப்பான்:
விற்றவருக்கு ஒன்றும் தெரியாதுங்க. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று கேட்டு வாங்குங்க.