கடலூர், புதுவைப் பக்கம் வருஷம் முழுக்க நிற்கும் பூந்தோட்டம்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கேப்பர் மலைச் செம்மண்

உயரம் உயரமாக, நெருக்கமாக, பல செடிகள் கலந்து பூக்கும் காட்டேஜ் தோட்டம் இங்கேயும் வரும். ஆனால் லாவெண்டர், டெல்பினியம் விதையில் காசைக் கரைக்காதீர்கள். நம் புழுக்கத்தில் அவை நிற்காது. குளிர் நாட்டுச் செடி பனியில் ஓய்ந்து வசந்தத்தில் துளிர்க்கும். நமக்கு ஓய்வு சித்திரை, வைகாசியில். அதனால் நடவு ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ. சாயங்கால மழை கிடைக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தவறவிட்டால் தை வரை பொறுங்கள்.

பாத்தி 4 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம், கை எட்டாது. ஒன்றரை அடி ஆழம் கொத்தி, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஏரி வண்டல். பின்னால் நந்தியாவட்டை, செம்பருத்தி (4 அடி இடைவெளி). நடுவில் இட்லிப்பூ, டிசம்பர் பூ, கனகாம்பரம் (ஒன்றரை முதல் 2 அடி). ஓரத்தில் நித்தியகல்யாணி, மழை லில்லி. சந்துகளில் அந்திமந்தாரை: கோடையில் மேலே காய்ந்தாலும் கிழங்கு உயிரோடு இருக்கும், பிடுங்கிவிடாதீர்கள்.

வில்லியனூர், களிமண்

அண்ணா, செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும். எங்கள் பக்கம் கதையே வேறு. ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையும் நின்றால் அங்கே தரைமட்டத்தில் எதையும் நடக்கூடாது. பாத்தியை ஒரு அடி உயர்த்தி, சுற்றி அரை அடி வாய்க்கால் எடுத்து, அதற்குப் போக்கிடமும் வையுங்கள். போக்கிடம் இல்லாத வாய்க்கால் குட்டைதான்.

பங்குனியில் செடி வாடினால் எல்லோரும் வெயிலைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் அந்தச் செடி கார்த்திகையிலேயே பாதி செத்தது. நின்ற தண்ணீரில் நுனிவேர் அழுகிவிடும். மார்கழிப் பனியில் இலை பச்சையாகவே இருக்கும். வெயில் ஏறி நீர் கேட்கும்போது உறிஞ்ச வேர் இருக்காது. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள்! 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி கொட்டினால், வடிந்ததும் மூடாக்கை (செடியடியில் மண்ணை மூடப் போட்ட சருகை) விலக்கி மண்ணைக் காயவிடுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம். வடியவே வடியாத மூலைக்குக் கல்வாழை போதும்.

தேவனாம்பட்டினம், கடற்கரை மணல்

இங்கே எதிரி போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 1,300 மில்லிகிராமைத் தாண்டினால் இலை ஓரம் கருகத் தொடங்கும். தினம் கொஞ்சம் தெளிப்பதுதான் பெரிய கெடுதல்: தண்ணீர் ஆவியாகி, உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு ஊற்றுங்கள். தென்னைநார்க் கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்தபிறகே கலக்கவும்.

இட்லிப்பூவில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) தரையில் போட்டால் சுண்ணாம்புச் சத்துள்ள மண் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, சாயங்காலம் இலையில் தெளிப்பு. பத்து நாள் விட்டு மறுபடி. கடற்காற்று நேராக அடிக்கும் பக்கம் அரளியும் காகிதப்பூவும் தடுப்பாக நிற்கட்டும்.

காலாப்பட்டு

மூடாக்குக்குச் சவுக்குச் சருகை மிஞ்ச ஒன்றுமில்லை. மெதுவாக மக்கும், காற்றில் பறக்காது. 3 அங்குலம் போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள்.

மல்லாட்டை (வேர்க்கடலை) ஓடு மலிவு, ஆனால் தண்டழுகல் பூஞ்சையும் கூடவே வரலாம். அடித்தண்டில் வெள்ளை நூலும், கடுகு போலப் பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடவேண்டாம்.

கேள்வி: கனகாம்பரம் ஒவ்வொன்றாக வாடுகிறது. பாத்தி மேடுதான், தண்ணீர் நிற்கவில்லை. என்ன செய்ய?

கேப்பர் மலைச் செம்மண்

ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்க. முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அது துளைத்த வழியாக வாடல் பூஞ்சை நுழையும். அதே இடத்தில் உடனே மறுபடி கனகாம்பரம் வைக்காதீங்க. துலுக்கச் சாமந்தியை ஒரு பருவம் நெருக்கமாக வளர்த்து அங்கேயே மடக்கி உழுது, பிறகு குழிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு போட்டு நடலாம். டெல்லி கனகாம்பரம் விதையில் வராது, குச்சிதான். அதை இந்தப் பாத்தியிலிருந்து எடுக்காமல் நோயில்லாத செடியிலிருந்து எடுங்க.