அன்றே வீட்டுக்குப் போகும் டே கேர் கேஸுக்கு ஸ்பைனலில் (முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசியில்) எந்த மருந்து நல்லது?

தாமிரபரணி:
வணக்கம். டிஏ (மயக்கவியல் டிப்ளமோ) முடித்துவிட்டு நர்சிங் ஹோம்களுக்குக் கேஸ் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறேன். மூலமோ முழங்கால் ஆர்த்ரோஸ்கோபியோ (சிறு துளை வழியே மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்வது), எதுவானாலும் புபிவக்கெய்ன் ஹெவி (தண்டுவட நீரைவிடக் கனமான மரப்பு மருந்து) 0.5% 3 மில்லி, அதாவது 15 மில்லிகிராம், போடுவதுதான் இங்கே பழக்கம். ஆபரேஷன் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடுகிறது, ஆனால் கால் மட்டும் வெகுநேரம் மரக்கட்டையாகக் கிடக்கிறது, சிறுநீர் பிரியாமல் சிலருக்கு டியூப் போட வேண்டியும் வருகிறது. வீட்டுக்காரர்கள் பயந்துபோய், கால் திரும்ப வருமா என்று கேட்கிறார்கள். சர்ஜன், பழையபடி லிக்னோகெய்ன் ஹெவி போடுங்களேன் என்கிறார். போடலாமா?

பழையகை:
வேண்டாம் தம்பி. 5% லிக்னோகெய்ன் வேகமாகப் பிடிக்கும், வேகமாக விட்டும்விடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மரப்பு முழுக்க விட்ட பிறகு, 24 மணி நேரத்துக்குள், இரண்டு புட்டத்திலும் தொடையிலும் இழுத்துப் பிடித்தாற்போல வலி கிளம்பும். 1993-ல் இதை எழுதிவைத்தார்கள், டிஎன்எஸ், அதாவது தற்காலிக நரம்பு அறிகுறிகள், என்கிறோம். சில நாளில் தானாகவே போய்விடும், டைக்ளோபெனாக் போட்டால் கேட்கும், ஆனாலும் நோயாளிக்கு அது தாங்க முடியாத வலி. காலைத் தூக்கிக் கட்டும் லித்தாட்டமி நிலையிலும் ஆர்த்ரோஸ்கோபியிலும்தான் அதிகம் வருகிறது, அதாவது நீங்கள் சொன்ன அதே கேஸ்கள். புபிவக்கெய்னில் இது அபூர்வம்.

வைகைக்கரை:
1% குளோரோப்ரோக்கெய்ன் கிடைத்தால் அதையே போடுங்கள். 4 முதல் 5 மில்லி, 40-50 மில்லிகிராம். ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பாலும் காலைத் தூக்கிவிடுவார்கள், சிறுநீரும் சீக்கிரம் போகும். 1980-களில் இதற்குக் கெட்ட பெயர் வந்தது உண்மைதான், எபிடியூரலுக்கான (தண்டுவட உறைக்கு வெளியே போடும் ஊசிக்கான) பெரிய டோஸ் தவறி ஸ்பைனலுக்குள் போய்ச் சிலருக்கு நரம்பு பாதித்தது, பைசல்பைட் சேர்த்திருந்ததையும் அமிலத்தன்மையையும் சந்தேகித்தார்கள். அதனால் ஸ்பைனலுக்கென்று பிரிசர்வேட்டிவ் இல்லாமல் வருவதை மட்டும் எடுங்கள், லேபிளைப் படிக்காமல் ஆம்பூலை உடைக்காதீர்கள். சர்ஜன் நேரத்தை இழுப்பவர் என்றால் இது வேண்டாம், 40 நிமிடத்துக்கு மேல் போகாத கேஸுக்குத்தான் சரி.

பழையகை:
மருந்தை மாற்றும் முன் டோஸைப் பாருங்கள் என்பேன். ஆர்த்ரோஸ்கோபிக்கு 15 மில்லிகிராம் எதற்கு? அதே ஹெவியை 6-8 மில்லிகிராம் எடுத்து, ஆபரேஷன் செய்யும் கால் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, மெதுவாகக் கொடுத்துவிட்டு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். மருந்து அந்தப் பக்கமே இறங்கும், மறுகால் பெரும்பாலும் தப்பித்துவிடும், பிரஷரும் அவ்வளவாக இறங்காது. அவசரப்பட்டு மல்லாக்கப் போட்டால் இரண்டு பக்கமும் பிடிக்கும். இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களுக்கும் எனக்குக் குறைந்த டோஸ்தான் பிடிக்கும், கூட 20 மைக்ரோகிராம் ஃபென்டனில் (வலி மருந்து).

தாமிரபரணி:
ரொம்ப நன்றி சார். லெவோபுபிவக்கெய்ன், ரோபிவக்கெய்ன் இதயத்துக்குப் பாதுகாப்பு என்கிறார்களே, அவற்றுக்கு மாறினால்?

வைகைக்கரை:
அந்தப் பாதுகாப்பு, நிறைய மருந்து போகும் எபிடியூரலிலும் நெர்வ் பிளாக்கிலும் (நரம்பைச் சுற்றிப் போடும் ஊசியிலும்)தான் பேசும். ஸ்பைனலில் போடுவதே துளி. லெவோ கிட்டத்தட்ட புபிவக்கெய்ன் மாதிரியேதான் நடந்துகொள்ளும். ரோபி வீரியம் குறைவு, 10 மில்லிகிராம் புபிவக்கெய்னுக்கு ஏறக்குறைய 15 வேண்டும், கால் கொஞ்சம் முன்னதாக வரும், அவ்வளவுதான். குளோரோப்ரோக்கெய்ன் பக்கம் போனால் இன்னொன்று: அது ரத்தத்தில் இருக்கும் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியால்தான் உடைகிறது, அதனால் அதே நொதியால் உடையும் ஸ்கோலின் (தசையைத் தளர்த்தும் மருந்து) போட்டு வெகுநேரம் மூச்சு வராமல் கிடந்தவர் வீட்டில் யாராவது உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.