புதுப்பிப்பு: சந்தை சுற்றப் போய்விட்டு வந்தாயிற்று

வார இறுதியில் இரண்டே நாள் ஒரு புது ஊரில் இருப்பேன், அங்கே திறந்தவெளி உணவுச் சந்தைகளை எப்படிச் சுற்றுவது என்று கேட்டிருந்தேன் இல்லையா, போய் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை முழுச் சொதப்பல். தாமதமாக எழுந்து, கொலைப்பசியோடு போய், நுழைந்ததுமே கண்ணில் பட்ட கடையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு மீதிக் கடைகளை வெறுமனே வேடிக்கை பார்த்தேன்.

ஞாயிறு காலையில் நீங்கள் சொன்னபடி எதையும் வாங்காமல் முதலில் ஒரு சுற்று நடந்தேன். அப்புறம் வரிசை நீளமாக இருக்கிற கடையை விட, அது வேகமாக நகர்கிற கடையாகப் பார்த்து நின்றேன், ஏனென்றால் அங்கேதான் எதுவும் தேங்காமல் அடுப்பிலிருந்து நேராகக் கைக்கு வருகிறது. இருவர் ஒரு தட்டைப் பகிர்ந்ததில் ஆறு கடை பார்த்துவிட்டோம்!

பொட்டலம் கட்டி ராத்திரிக்கு வைக்கலாம் என்றவருக்கு: சமைத்ததை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான், 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் மளமளவென்று பெருகும். அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

சில்லறை மட்டும் இன்னும் கொஞ்சம் எடுத்துப் போயிருக்கலாம்.