இஎஸ்பி32 பவர் மீற்றருக்கு ஏசிஎஸ்712 போடலாமோ?

கோண்டாவில்_பெடியன்:
வீட்டில 30 அம்பியர் சிங்கிள் பேஸ் லைன். ஒரு குதிரைவலுக் கிணத்து மோட்டர், பிரிட்ஜ், மிச்சம் லைற்றும் பானும். ஒரு நாளைக்கு எத்தனை யூனிற் போகுது எண்டு போனில பாக்க இஎஸ்பி32 (வைபை உள்ள சின்னக் கொம்பியூட்டர் போர்ட்) இல மீற்றர் ஒண்டு செய்யிறன். கையில இருக்கிறது கறண்டை அளக்கிற ஏசிஎஸ்712 சென்சர், 30 அம்பியர் மொடியூல். மெயின் சுவிச்சுக்குப் பிறகு லைவ் வயரை வெட்டி இதுக்குள்ளால விடலாமோ? புரோகிராம் ஏத்தேக்க லப்டொப்பும் கொழுவியிருக்கும்.

வயரிங்_அண்ணை:
தம்பி, அதை மெயின் லைனில போடாதேங்கோ. சிப்புக்குள்ள காப்பு இருக்கு, பிழை போர்ட்டில. ரேமினலின்ர ஈயப்பற்று அடிப்பக்கத்தில வெறுமையா 230 வோல்ற்றோட நிற்கும். வெட்டின வயர்த் துண்டு ஒண்டு அதையும் கிரவுண்ட் பின்னையும் சேர்த்துத் தொட்டால் யூஎஸ்பி வழியா லப்டொப்பின்ர உடம்புக்கே லைவ் வந்திடும். அந்த மெல்லிய செப்புப் பட்டையில வீட்டு லோட் முழுக்க ஓடினால் சூடும் ஏறும்.

இன்னொண்டு. அது 5 வோல்ற்றில வேலை செய்யிறது, சும்மா நிற்கேக்க 2.5 வோல்ற் தரும், அம்பியருக்கு 66 மில்லிவோல்ற் கூடும். உச்சம் 12 அம்பியரைத் தாண்டினாலே 3.3 வோல்ற்றுக்கு மேல போகும். ஒரு குதிரைவலு மோட்டர் ஸ்ரார்ட் எடுக்கேக்க 30 அம்பியர் கிட்ட இழுக்கும். இஎஸ்பி32 இன்ர பின் அதைத் தாங்காது.

வயரை வெட்டாமல் மேலால கொழுவுற சீ.ரி. (கறண்ட் ட்ரான்ஸ்போமர்) கிளாம்ப் எடுங்கோ: எஸ்சிரி-013-000, வயரில ஓடுற 100 அம்பியருக்கு 50 மில்லிஅம்பியர் வெளியில தரும். மின்சார சபை மீற்றரின்ர சீலில கை வைக்கவே கூடாது. மெயின் சுவிச்சுக்குப் பிறகு வாற லைவ் வயரில மட்டும், சுவிச்சை நிப்பாட்டி, ரெஸ்ரரால பார்த்துப்போட்டுக் கொழுவுங்கோ. சுவிச்சுக்கு முன்பக்கம் அப்பவும் உயிரோடதான் இருக்கும். லைவும் நியூற்றலும் சேர்ந்து கிளாம்புக்குள்ள போனால் ஒண்டையொண்டு வெட்டி, வாசிப்பு பூச்சியம்.

சுன்னாகம்_50ஹெர்ட்ஸ்:
சீ.ரி.யின்ர ரெண்டு முனைக்கும் குறுக்கால, அது தாற கறண்டை வோல்ற்றேஜாய் மாத்திற பர்டன் ரெசிஸ்ரர் வேணும். அது இல்லாமல் கறண்ட் ஓடுற வயரில கொழுவினால் செக்கண்டரியில (சீ.ரி.யின்ர உள்சுருளில) வோல்ற்றேஜ் ஏறிக்கொண்டே போகும். இந்த மொடலுக்குள்ள பாதுகாப்பு டயோட் இருக்கு, வேற சீ.ரி.களில இருக்கும் எண்டு நம்பேலாது. ஜக்கைக் கழட்டினாலும் பிரியாத மாதிரி ரெசிஸ்ரரைச் சீ.ரி. வயரிலேயே பத்தவையுங்கோ.

கணக்கு: 30 அம்பியருக்கு 15 மில்லிஅம்பியர், உச்சம் 21.2. 47 ஓம் போட்டால் ஏறக்குறைய ஒரு வோல்ற் மேலயும் கீழயும் ஆடும். இஎஸ்பி32 இன்ர ஏடிசி (வோல்ற்றேஜை எண்ணாய் மாத்திற பகுதி) 0.15 முதல் 2.45 வோல்ற் வரைதான் ஒழுங்காய் வாசிக்கும், அதால அந்த ஆட்டத்தின்ர நடுப்புள்ளியை 1.65 இல வையாதேங்கோ. 3.3 இலயிருந்து 15 கிலோஓம், கிரவுண்டுக்கு 10 கிலோஓம், அதுக்குக் குறுக்கால 10 மைக்ரோபரட்: 1.32 வோல்ற் வரும். சீ.ரி.யின்ர ஒரு முனை அங்க, மற்ற முனை 1 கிலோஓம் ஊடாகப் பின்னுக்கு. பின் 32 முதல் 39 வரைக்குள்ள எடுங்கோ, உள்ள இருக்கிற ரெண்டு ஏடிசியில மற்றது வைபை ஓடேக்க வேலை செய்யாது. வாசிக்கிற வோல்ற்றை அம்பியராக்கப் பெருக்கும் எண் 2000 / 47 = 42.55.

கோண்டாவில்_பெடியன்:
நன்றி அண்ணை. வந்த அம்பியரை 230 ஆல பெருக்கினால் வாற் வருமோ?

சுன்னாகம்_50ஹெர்ட்ஸ்:
வராது, அது விஏ (வோல்ற்-அம்பியர்), உண்மையா எரியிற வாற் இல்லை. அயன்பொக்ஸுக்குச் சரியாய் இருக்கும், மோட்டருக்குக் கூடக் காட்டும். வோல்ற்றேஜும் 230 இலயே நிற்காது. ரெண்டையும் சேர்த்து அளக்கவேணும், அதுவும் பிந்தாமல்: 50 ஹெர்ட்ஸில ஒரு மில்லிசெக்கன் பிந்தினால் 18 பாகை பிழை.

இந்தக் கரைச்சல் வேண்டாமெண்டால் பிசெம்-004ரி எண்ட ரெடிமேட் மீற்றர் மொடியூல் எடுங்கோ. சீ.ரி.யோட வரும், கணக்கையும் அதுவே பார்த்து 9600 வேகத்தில சீரியலாய்த் தரும். ஆனால் அதின்ர அளக்கிற பக்கம் முழுக்க நேரடி மெயின்ஸ், காப்பு இருக்கிறது சீரியல் பக்கத்தில மட்டும்தான். மூடின பிளாஸ்ரிக் பெட்டி, லைவில ஒரு அம்பியர் பியூஸ், பிறகுதான் கறண்ட்.

வயரிங்_அண்ணை:
கிளாம்பைப் பூட்டேக்க ‘டிக்’ எண்டு சத்தம் கேக்கவேணும். கிளாம்புக்குள்ள இருக்கிற பெரைற்றுக் காந்தக் கருவின்ர ரெண்டு முகத்துக்கும் நடுவில மணல் ஒண்டு நிண்டாலே வாசிப்புக் குறையும், துடைச்சுப்போட்டுப் பூட்டுங்கோ. சின்ன லோட்டில சரிபாக்க எண்டால், ஒரு எக்ஸ்டென்சன் வயரைப் பிரிச்சு லைவை மட்டும் கிளாம்புக்குள்ளால 5 தரம் சுத்துங்கோ. 2 அம்பியர் ஓடினால் 10 காட்டவேணும்.